பாடு முதல் சான்றிதழ் வரை: பழவேற்காடு ஏரிக்கரையில் திட்ட மேலாண்மையின் வரலாறு

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரி முதலாவது. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. தென்கோடியில் பழவேற்காடு ஊரை ஒட்டிக் கோட்டைக்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் அமைந்துள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கிருந்துதான் இந்தியாவின் செயற்கைக்கோள்கள் ஏவப்படுகின்றன.

ஒரே ஏரியைச் சுற்றி, வேலையை வகுத்துக்கொள்ளும் இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று மீனவ ஊர்களின் பாடு முறை. மற்றொன்று ராக்கெட் தளத்தின் திட்ட மேலாண்மை. இன்று கல்லூரி மாணவர்கள் பலர் திட்ட மேலாண்மையில் தொடக்கநிலைச் சான்றிதழ் பெறுவதற்கான தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். அத்தேர்வில் வரும் சொற்கள் எங்கிருந்து வந்தன, அவை எவற்றைக் குறிக்கின்றன என்பதை இவ்விரண்டு முறைகளின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

ஏரியும் கோட்டைக்குப்பமும்

டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களது வணிகத்தின் தலைமையிடம் அதுவே. கோட்டை இன்று இடிந்து மேடாகக் கிடக்கிறது. கோட்டைக்குப்பம் என்ற பெயரில் கோட்டை என்ற சொல் நிலைத்திருக்கிறது. குப்பம் என்பது வட தமிழகக் கடற்கரையில் மீனவர் குடியிருப்பைக் குறிக்கும் சொல்.

ஏரியின் வாழ்வு முகத்துவாரத்தைச் சார்ந்தது. கடல்நீர் உள்ளே வந்து போகும் வாய் திறந்திருந்தால் இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளரும். வாய் மணலால் அடைபட்டால் மீன்பாடு குறையும். முகத்துவாரத்திற்கு அருகில் உள்ள நீர்ப்பகுதிகளில் இறால் அதிகம் கிடைக்கும். தள்ளிப் போகப் போகக் குறையும். நல்ல இடங்கள் சிலவே. அவற்றில் வலை கட்ட விரும்புவோரோ பலர். பாடு முறை இந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது.

பாடு முறை

கடற்கரை வழக்கில் பாடு என்பதற்கு மீன்பிடி, மீன் கிடைக்கும் அளவு என்று பொருள் உண்டு. கரைக்கு வந்தவரிடம் 'இன்றைக்குப் பாடு எப்படி?' என்று கேட்பது வழக்கம். பழவேற்காட்டில் இச்சொல், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட முறை வரும்போது வலை கட்டும் உரிமையையும் குறிக்கிறது. கம்புகளை நட்டு அவற்றில் கட்டும் சுத்து வலையால் இறால் பிடிப்பதற்கே இம்முறை முக்கியமாகப் பயன்படுகிறது.

ஏரியின் தமிழகப் பகுதியில் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று ஊர்கள் மரபான பாடு உரிமை உடையவை. உரிமை பெற்றவர்களின் பட்டியலை ஊர் வைத்திருக்கும். யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். பிறகு முறை சுற்றி வரும். இன்று இறால் குறைவாக விழும் இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் கிடைக்கும். ஒருவரே நல்ல இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சச்சரவு எழுந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்த்துவைக்கும்.

இம்முறை பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. கேரளத்தின் கொச்சிக் காயலிலும் பாடு என்ற பெயரிலேயே வழங்கியது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கம்பு வலைகளுக்குச் சீட்டு முறை உண்டு. பழவேற்காட்டுப் பாடு முறையைப் பற்றிச் செபாஸ்டியன் மேத்யூ செய்த ஆய்வை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்டது. அதன்பின் மீன்வள ஆய்வாளர்களிடையே இந்த ஊர்களின் பெயர்கள் அறியப்பட்டன.

பாடு முறைக்கு எல்லைகளும் உண்டு. உரிமை பட்டினவர் சமூகத்தைச் சேர்ந்த, இந்த ஊர்களில் பிறந்த ஆண்களுக்கே உரியதாக இருந்தது. மீன் விற்பனையில் முன்னிற்கும் பெண்களுக்குப் பாடு இல்லை. ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் பாடு இல்லை. பிற ஊர்களில் பின்னர் மீன்பிடிக்கத் தொடங்கியவர்கள் தங்களுக்கும் பங்கு கேட்டபோது மோதல்கள் எழுந்தன. உள்ளே இருப்பவர்களுக்குள் நியாயத்தைக் காத்த முறை வெளியே இருப்பவர்களுக்குக் கதவை அடைத்தது.

பாடு ஒரு திட்டமா?

தொடக்கநிலைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் முதலில் கற்கும் வேறுபாடு, திட்டத்துக்கும் அன்றாட இயக்கத்துக்கும் உள்ளது. திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அது முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்குகிறது. அன்றாட இயக்கம் முடிவில்லாமல் தொடர்வது. ஒரே வேலை திரும்பத் திரும்ப நடப்பது.

இந்த அளவுகோலின்படி பாடு முறை திட்டம் அன்று. அது ஓர் இயக்கம். ஆண்டுக்கு ஆண்டு முறை சுற்றுகிறது, முடிவதில்லை. முகத்துவாரத்தில் மணலை அகற்றிக் கற்சுவர் கட்டி வாயை நிலைப்படுத்துவது திட்டம். அதற்கு மதிப்பீடு, ஒப்பந்தம், கெடு, முடிவு ஆகியவை உண்டு. கட்டி முடித்த வாயின் வழியே தினமும் படகு போய்வருவது இயக்கம். திட்டம் முடிந்தபின் அதன் பயனை அடைவதும் குறையைச் சுமப்பதும் இயக்கத்தில் இருப்பவர்கள். தேர்வில் இந்த வேறுபாட்டைக் கதை வடிவில் கேட்பார்கள். இலக்கணத்தை மனப்பாடம் செய்தவர் தடுமாறும் இடம் இது. தெரிந்த ஊரின் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்திருப்பவருக்கு விடை எளிது.

திட்ட மேலாண்மையும் பாடும் ஒரு கேள்வியில் சந்திக்கின்றன. குறைவாக உள்ள வளத்தை, குறைவாக உள்ள காலத்தில், யாருக்கு எப்போது கொடுப்பது? பாடு இதற்குச் சீட்டால் விடை சொன்னது. இருபதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் வரைபடத்தால் விடை தேடினர்.

வரைபடங்களின் காலம்

அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட் (1861–1919) பெயரால் வழங்கும் பட்டை வரைபடம் 1910களில் பரவியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. பட்டையின் நீளம் அந்த வேலைக்கு ஆகும் நாட்கள். போலந்தின் கரோல் அதாமியெட்ஸ்கி 1896இலேயே இதைப் போன்ற ஒன்றை உருவாக்கியிருந்தார். பட்டை வரைபடம் எந்த வேலை எப்போது நடக்கும் என்பதைக் காட்டியது. ஒரு வேலை தாமதமானால் வேறு எவையெல்லாம் தாமதமாகும் என்பதை அது தெளிவாகக் காட்டவில்லை.

அந்தக் குறையை 1950களின் இறுதியில் தோன்றிய இரண்டு முறைகள் தீர்த்தன. 1957இல் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சிபிஎம் எனப்படும் முக்கியப் பாதை முறையை உருவாக்கினர். 1958இல் அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் முறையை உருவாக்கியது. 1960 ஜூலை 20 அன்று நீருக்கடியிலிருந்து போலாரிஸ் வெற்றிகரமாக ஏவப்பட்டதும் பெர்ட்டின் புகழ் உலகெங்கும் பரவியது.

அந்தப் புகழ் முழுவதும் உண்மையா என்ற கேள்வியும் பின்னர் எழுந்தது. போலாரிஸ் திட்டத்தை ஆராய்ந்த ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் வெளியிட்ட நூலில், பெர்ட் வரைபடங்கள் வேலையை நடத்தியதைவிட வெளியார் தலையீட்டிலிருந்து திட்டத்தைக் காக்கவே அதிகம் உதவின என்று காட்டினார். வரைபடம் வைத்திருப்பவர் வேலையறிந்தவர் என்ற மதிப்பு உண்டாகியிருந்தது. பிற்காலத்தில் சான்றிதழுக்குக் கிடைத்த மதிப்பிலும் இதன் சாயல் உண்டு.

இந்தியப் பொறியியல் கல்லூரிகளிலும் பெர்ட், சிபிஎம் பாடங்கள் நுழைந்தன. பின்னாளில் சென்னை ஐஐடியின் இயக்குநராக இருந்த எல். எஸ். ஸ்ரீநாத் எழுதிய பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்கு இவற்றைக் கற்பித்தது.

ஸ்ரீஹரிகோட்டா

1969இல் ராக்கெட் தளத்துக்கான இடமாக ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. கிழக்கே திறந்த கடல் இருப்பது ஏவுதலுக்கு ஏற்றதாக இருந்தது. 1971 அக்டோபரில் அங்கிருந்து சிறு ராக்கெட்டுகள் ஏவப்படத் தொடங்கின. தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் இடம்பெயர நேர்ந்தது.

எஸ்எல்வி-3 இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலம். அதன் திட்ட இயக்குநர் ராமேஸ்வரத்தில் படகோட்டிக் குடும்பத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். அந்த ஏவுகலத்தில் 44 பெரிய துணை அமைப்புகளும் 250க்கும் மேற்பட்ட உட்பகுதிகளும் இருந்ததாக அவர் 'அக்னிச் சிறகுகள்' நூலில் குறிப்பிடுகிறார். பெரிய வேலையை இவ்வாறு கைக்கு அடங்கும் துண்டுகளாகப் பிரிப்பதைத் திட்ட மேலாண்மையில் வேலைப் பகுப்பு அமைப்பு என்பர். தேர்வில் தவறாமல் இடம்பெறும் கருத்து இது. துண்டாகப் பிரிக்காத வேலைக்கு நாள் குறிக்க முடியாது. நாள் குறிக்காத வேலைக்குப் பொறுப்பாளரை நியமித்தும் பயனில்லை.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 முதன்முறையாக ஏவப்பட்டது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்து போனதால் ஏவுகலம் நிலைதடுமாறி வங்கக் கடலில் விழுந்தது. ஏவுதலுக்குச் சற்று முன்பு கணினி வேலையை நிறுத்தி எச்சரித்ததையும், வல்லுநர்களின் கருத்தைக் கேட்டுத் தாம் அதை மீறி ஏவ முடிவுசெய்ததையும் கலாம் பின்னாளில் பல மேடைகளில் கூறியிருக்கிறார். அன்று செய்தியாளர்களைச் சந்தித்த இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தோல்விக்கான பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. அன்று செய்தியாளர்களிடம் பேசும்படி தவான் கலாமை அனுப்பினார்.

இடர் மேலாண்மை, பொறுப்பு, கற்ற பாடங்களைப் பதிவுசெய்தல் ஆகிய மூன்று அத்தியாயங்களும் இந்த ஓர் ஆண்டுக்குள் அடங்கியுள்ளன. எச்சரிக்கை வந்தது, அதன் எடை சரியாக அளக்கப்படவில்லை. தோல்விக்குப் பின் குற்றவாளியைத் தேடுவதில் காலம் போகவில்லை, காரணம் தேடப்பட்டது. கண்டறிந்த காரணம் அடுத்த ஏவுகலத்தில் திருத்தமாக மாறியது.

தொடர்புடையோர் யார்?

ராக்கெட் ஏவப்படும் நாட்களில் பாதுகாப்புக்காகப் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிக்கப்படுகிறது. ஒரு கரையில் ஒரு திட்டம் நிறைவேறும் நாளில் மறுகரையில் ஒரு நாள் பிழைப்பு நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கும் இப்பகுதி மீனவ ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கரை அரிப்பும் முகத்துவாரத்தின் எதிர்காலமும் அவர்களது கவலை.

தேர்வுப் பாடத்தில் ஸ்டேக்ஹோல்டர் என்ற சொல் வருகிறது. திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர், திட்டத்தைப் பாதிக்கக்கூடியவர், தாம் பாதிக்கப்படுவதாகக் கருதுகிறவர் ஆகிய எல்லோரும் அதில் அடங்குவர். பணம் போட்டவரை மட்டும் குறிப்பதாக எண்ணிப் பல மாணவர்கள் தவறான விடையைத் தேர்கிறார்கள். ஏவுதளத்துக்கு எதிர்க்கரையில் வலையை மடித்து வைத்துக் காத்திருக்கும் மீனவரும் ஸ்டேக்ஹோல்டரே. அவரைப் பட்டியலில் சேர்ப்பதும், அவரிடம் முன்கூட்டியே சொல்வதும் திட்ட மேலாளரின் வேலை.

சான்றிதழின் பிறப்பு

1969இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் (பிஎம்ஐ) தொடங்கப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1984இல் இந்நிறுவனம் அனுபவம் உள்ளவர்களுக்கான பிஎம்பி தேர்வைத் தொடங்கியது. 1996இல் பிம்பாக் வழிகாட்டி நூலின் முதல் பதிப்பு வந்தது. பிரிட்டனில் அதே ஆண்டில் பிரின்ஸ்2 முறை அறிமுகமானது. அதற்கும் தொடக்கநிலைத் தேர்வு உண்டு.

பிஎம்பி எழுத வேலை அனுபவம் வேண்டும். வேலை கிடைக்கச் சான்றிதழ் வேண்டும் என்று நினைக்கும் இளைஞருக்கு அது எட்டாதது. இந்த இடைவெளியை நிரப்ப 2003இல் சிஏபிஎம் என்னும் தொடக்கநிலைச் சான்றிதழ் வந்தது. இதற்கிடையில் 2001இல் 17 மென்பொருளாளர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டனர். எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிடாமல் சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்து, கிடைத்த விளைவைப் பார்த்து அடுத்த சுற்றை மாற்றிக்கொள்வது அதன் வழி. அதுவும் நாளடைவில் தேர்வுப் பாடத்தில் இடம்பெற்றது.

தேர்வின் அமைப்பு

சிஏபிஎம் எழுதப் பள்ளிக் கல்வியை முடித்திருக்க வேண்டும். 23 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். 2023இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி தேர்வு 150 கேள்விகளையும் 3 மணி நேரத்தையும் கொண்டது. அவற்றில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அவை எவை என்பது தேர்வருக்குத் தெரியாது. ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 விநாடி கிடைக்கும். அடிப்படைக் கருத்துகளுக்கு 36 விழுக்காடு, முன்திட்ட முறைகளுக்கு 17, அஜைல் முறைகளுக்கு 20, வணிகப் பகுப்பாய்வுக்கு 27 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

இந்தப் பங்கீடே படிப்பதற்கான வழியையும் காட்டுகிறது. பழைய குறிப்புகளை வைத்துப் படிப்போர் வணிகப் பகுப்பாய்வைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கேள்விகளில் கால்பங்குக்கு மேல் அங்கிருந்து வருகிறது. ஒரு தேவை உண்மையில் யாருடையது, அது எப்படிக் கேட்டறியப்பட்டது, நிறைவேறியது என்பதை எப்படிச் சரிபார்ப்பது என்பவையே அப்பகுதியின் பொருள்.

ஏரிக்கரைக் கணக்கு ஒன்று

முக்கியப் பாதையை ஒரு கற்பனைக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். இறால் பருவத்துக்கு முன் ஒரு குடும்பம் மூன்று வேலைகளை ஒரே நாளில் தொடங்குகிறது. வலையின் கிழிசல் சரிசெய்ய 8 நாள். கம்பு வாங்க 2 நாள், வாங்கியபின் அதைச் சீவிக் கூராக்க 3 நாள். படகைப் பழுதுபார்க்க 6 நாள். மூன்றும் முடிந்தபின் எல்லாவற்றையும் ஏற்றிச் சோதிக்க 1 நாள்.

வலை வழி 8+1=9 நாள். கம்பு வழி 2+3+1=6 நாள். படகு வழி 6+1=7 நாள். மிக நீளமான வலை வழியே முக்கியப் பாதை. மொத்த வேலைக்கு 9 நாள் ஆகும். கம்பு வேலை 3 நாள் தாமதமானாலும் படகு வேலை 2 நாள் தாமதமானாலும் கெடு தவறாது. வலை ஒரு நாள் தாமதமானால் எல்லாம் ஒரு நாள் தாமதமாகும். ஆகவே, உதவிக்கு ஒரு கூடுதல் ஆள் கிடைத்தால் அவரை வலைக்கு அனுப்ப வேண்டும்.

பெர்ட் முறை ஒரே எண்ணுக்குப் பதில் மூன்று எண்களைக் கேட்கும். எல்லாம் நன்றாக நடந்தால் வலைக்கு 6 நாள், வழக்கமாக 8 நாள், மழை பிடித்தால் 16 நாள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். (6+32+16)÷6=9 நாள். மழையைக் கணக்கில் சேர்த்ததும் மொத்தக் காலம் 10 நாளாகிறது. வாய்பாட்டை இப்படி ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர் தேர்வில் அதை மறக்கமாட்டார்.

இரண்டு வாசல்கள்

பாடு உரிமை பிறப்பால் வந்தது. கோட்டைக்குப்பத்தில் பிறந்த ஆணுக்கு அது கிடைக்கும். அதை வேறு ஊருக்கு எடுத்துச் செல்ல முடியாது. சான்றிதழ் படிப்பால் வருவது. ஆணுக்கும் பெண்ணுக்கும், எந்தச் சாதியினருக்கும் எந்த ஊராருக்கும் கிடைக்கக்கூடியது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அதற்கு ஒரே பொருள். ஏரியில் மீன்பாடு குறைந்து பிள்ளைகள் வேறு வேலை தேடும் காலத்தில் இந்த வேறுபாடு பெரிது. பாடு இல்லாத வீட்டுப் பெண்ணும் இந்தத் தேர்வை எழுதலாம்.

ஆனால் இந்த வாசலுக்கும் காவல் உண்டு. கட்டணம் டாலர் கணக்கில் உள்ளது. தமிழில் தேர்வு இல்லை. சான்றிதழ் ஒருமுறை பெற்றால் என்றைக்கும் செல்லாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேலை தருவோர் சான்றிதழை மட்டும் பார்த்து வேலை தருவதும் இல்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் முன், தாம் சேர விரும்பும் வேலைகளுக்கு அது கேட்கப்படுகிறதா என்பதை விளம்பரங்களில் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்வழியில் படித்த மாணவர் ஆங்கிலச் சொல்லை அப்படியே உருப்போடும்போது, அது தமக்குத் தெரியாத உலகத்தைச் சேர்ந்தது என்று அஞ்சுகிறார். குறைந்த வளத்தைப் பலருக்கு முறை வைத்துக் கொடுப்பதும், கெடுவுக்குள் வேலையைத் துண்டு துண்டாக முடிப்பதும், மழையைக் கணக்கில் வைப்பதும், ஒருவர் வேலையால் மற்றவர் பிழைப்பு நின்றால் அவரிடம் பேசுவதும் அவர் ஊரில் நடப்பவை. ஒவ்வொரு சொல்லையும் தம் ஊரில் நடந்த ஒன்றோடு சேர்த்துத் தமிழில் முதலில் எழுதிப் பார்த்து, பிறகு ஆங்கிலக் கேள்விகளில் பயிற்சி எடுப்பவருக்கு 72 விநாடி போதுமானது.